காதுக்குள் ஒரு ரசமட்டம்



காது எதற்காக இருக்கிறது என்று வகுப்பில் கேட்டால், "கேட்பதற்கு, ஐயா" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லுவார்கள். அந்தப் பதில் சரிதான். ஆனால் பாதிப் பதில். காதுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம் விழாமல் நிற்பதற்கும், நடக்கும்போது நம் பார்வை ஆடாமல் இருப்பதற்கும் காதுதான் காவல். அந்தக் காவல் இரண்டு பக்கத்துக் காதுகளிலும் கெட்டுப்போனால் மனிதனுக்கு என்ன நேர்கிறது, அது ஏன் கெடுகிறது, கெட்ட பின் எப்படி எழுந்து நடமாடலாம் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சிறு சோதனை. உங்கள் கையருகே நாளிதழோ பிள்ளையின் பாடப்புத்தகமோ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேரே ஒரு முழத் தூரத்தில் பிடியுங்கள். தலையை அசைக்காமல், புத்தகத்தை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள். எழுத்துகள் கலங்கிப்போகும், ஒன்றும் படிக்க முடியாது. இப்போது புத்தகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, "இல்லை, இல்லை" என்று மறுப்பதுபோல் தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்துகள் அப்படியே நிற்கின்றன அல்லவா? வரி வரியாகப் படிக்கவும் முடிகிறது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? தலை வலப்பக்கம் திரும்பியதும் உட்செவி அதை அறிந்து, நூறில் ஒரு நொடிக்குள், "கண்ணே, நீ அதே அளவு இடப்பக்கம் திரும்பு" என்று கட்டளை இடுகிறது. கண் திரும்புகிறது, பார்வை நிலைக்கிறது. நாம் நடக்கும்போதும், லோரியில் குலுங்கிப் போகும்போதும், இந்தக் கட்டளை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

தச்சரும் கொத்தனாரும் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குழாய்க்குள் நீர்மம். அதற்குள் ஒரு குமிழி. பலகை சாய்ந்தால் குமிழி நகர்ந்து காட்டிவிடும். நம் தலைக்குள்ளும் ஏறத்தாழ அப்படியொரு ஏற்பாடு இருக்கிறது. காதுக்குப் பின்னே, கெட்டியான எலும்புக்குள், ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றுள் நீர்மம் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது அந்த நீர்மம் பின்தங்கி, உள்ளே இருக்கும் நுண்ணிய மயிர் உயிரணுக்களை வளைக்கிறது. இவற்றோடு, சுண்ணாம்புத் துகள்கள் படிந்த இரண்டு சிறு பைகளும் உண்டு. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, உடம்பு முன்னே போகிறதா மேலே போகிறதா என்பதை அவை சொல்லும். ஆக, ஒரு காதுக்கு ஐந்து உறுப்புகள்; இரண்டு காதுக்கும் பத்து.

ஆனால் விழாமல் நிற்கும் வேலையைக் காது மட்டும் செய்வதில்லை. ஒரு பெரிய மரத்துண்டை மூன்று பேர் சேர்ந்து தூக்கிப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் கண். சுவரும் மரமும் தரையும் எங்கே இருக்கின்றன என்று அது சொல்கிறது. இரண்டாம் ஆள் காலும் பாதமும். தரை மேடா பள்ளமா, கெட்டியா சேறா என்று அவை சொல்கின்றன. மூன்றாம் ஆள் உட்செவி. மூவரில் ஒருவர் விலகினாலும் மற்ற இருவர் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். இருவர் விலகினால் மரம் கீழே விழத்தான் செய்யும்.

இங்கேதான் நம் தோட்ட வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. பால்மரம் வெட்டும் வேலை பொழுது விடிவதற்கு முன் தொடங்குவது. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்த சரிவில், வேரும் குழியும் சருகும் நிறைந்த நிரையில் நடக்க வேண்டும். மங்கில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்து இறங்க வேண்டும். உட்செவியின் சமநிலை போன ஒருவரை அந்த நிரையில் நிறுத்திப் பாருங்கள். இருட்டில் கண் உதவாது. வழுக்கும் சரிவில் பாதம் உதவாது. மூன்றாவது ஆளோ முன்பே போய்விட்டான். அவர் விழாமல் என்ன செய்வார்? இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பல குடும்பங்கள் ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் மலாக்கா பட்டணத்துக்கும் குடிபெயர்ந்துவிட்டன. ஆனாலும் இருட்டும் மேடுபள்ளமும் எங்கும் உள்ளவைதாமே.

இந்த நோயின் அடையாளங்களைச் சற்று நிதானமாகக் கேளுங்கள்.

ஒரு பக்கத்துக் காது மட்டும் திடீரென்று கெட்டால் உலகமே சுழலும், வாந்தி வரும், படுக்கையை விட்டு எழ முடியாது. இரண்டு பக்கமும் சேர்ந்து மெல்லக் கெடும்போது அப்படிச் சுழலுவதில்லை. இரண்டு தட்டும் சமமாக இறங்கிவிடுவதால் தராசு ஒரு பக்கம் சாய்வதில்லை. ஆகையால் இந்த நோயாளி உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார். எழுந்து நடக்கும்போதுதான் தொல்லை. நடக்கையில் எதிரே வருபவரின் முகம் துள்ளும். கடைப் பலகையின் எழுத்து குதிக்கும். நின்றால் எல்லாம் நின்றுவிடும். பகலில் சுமாராக நடப்பவர் அந்தி சாய்ந்ததும் கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடுவார். முகம் கழுவக் கண்ணை மூடினால் சாய்ந்துவிடுவார். பலருக்குக் காது நன்றாகவே கேட்கும். அதனால் காதில் கோளாறு என்று அவரும் நினைப்பதில்லை, பார்ப்பவரும் நினைப்பதில்லை.

பார்ப்பவர் வேறொன்றை நினைக்கிறார். பகலில் நேராக நடந்த மனிதன் இரவில் தள்ளாடினால் நம் ஊரில் என்ன சொல்லுவார்கள்? "கள்ளு", "சம்சு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காதவருக்கும் அந்தப் பெயர் வந்துவிடும். பெண்ணாக இருந்தால் "பித்தம்" என்பார்கள், "இரத்தம் இல்லை" என்பார்கள், "காற்றுக் கறுப்பு" என்பார்கள். வேண்டுதலைத் தடுக்க நான் வரவில்லை. வேண்டுதலும் நடக்கட்டும், மருத்துவப் பரிசோதனையும் நடக்கட்டும். ஆனால் பரிசோதனை செய்யாமல் ஒருவர்மேல் குடிகாரன் என்ற பழியைச் சுமத்தாதீர்கள். அந்தப் பழி அவருடைய வேலையையும், வீட்டில் அவருக்குள்ள மரியாதையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

இனி, இது ஏன் வருகிறது என்று பார்ப்போம்.

காரணம் தெரிந்தவற்றுள் முதலிடம் பெறுவது, உயிரைக் காக்கும் சில ஊசி மருந்துகள். இதைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டாம். முழுக் கதையையும் கேளுங்கள். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஷாட்ஸ், செல்மன் வாக்ஸ்மன் ஆகியோரின் ஆய்வுக்கூடத்தில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கிடைத்தது. அதுவரை காசநோய்க்கு, அதாவது சயரோகத்துக்கு, நேரடியான மருந்து இல்லை. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு, இவைதாம் வைத்தியம். இந்த ஊசி வந்தபின், சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1945 அளவில், மருத்துவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். நோய் தீர்ந்து எழுந்தவர்களில் சிலர் நேராக நடக்க முடியாமல் தவித்தார்கள். நோய்க் கிருமியைக் கொன்ற மருந்து, உட்செவியின் மயிர் உயிரணுக்களையும் கொன்றிருந்தது.

அப்படிச் சமநிலையை இழந்தவர்களுள் ஒரு மருத்துவரும் இருந்தார். தம் அனுபவத்தை 1952-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். படுக்கையில் சாய்ந்து புத்தகம் படிக்கும்போது, நாடித் துடிப்பினால் தலை ஆடும் அந்தச் சிறு ஆட்டம்கூட எழுத்துகளைக் கலக்கியதாம். கட்டிலின் கம்பிகளுக்கு இடையே தலையை அழுத்தி வைத்துக்கொண்டால்தான் படிக்க முடிந்ததாம். தெருவில் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டுமானால் முதலில் நின்றுவிட வேண்டும் என்று தாமே கற்றுக்கொண்டார்.

இந்தக் கதை நம் தமிழகத்தையும் தொடுகிறது. 1956-இல் சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலகச் சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கின. ஏழை நோயாளிகள் சானட்டோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டு குணமாகலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது அந்த நிலையம்தான். பின்னர், வாரத்துக்கு இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியசிட் மாத்திரையும் கொடுக்கும் முறையையும் அங்கே ஆராய்ந்தார்கள். நோய் நன்றாகக் கட்டுப்பட்டது. சிலருக்குத் தலைசுற்றல் பக்க விளைவாக வந்ததும் பதிவாயிற்று. நம் நாட்டில் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் 1961-இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி இங்கும் பயன்பட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாரேனும், "டிபி ஊசி போட்ட பிறகுதான் இருட்டில் கால் நிற்கவில்லை" என்று சொன்னால், அதைக் கிழவர் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். அது உண்மையாக இருக்கலாம்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. காசநோய்க்கு முதலில் கொடுப்பது ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய மாத்திரைகள். வழக்கமான சிகிச்சை 6 மாதம். இவை உட்செவியை இப்படிக் கெடுப்பவை அல்ல. ஆகவே இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு உறவான ஜென்டாமைசின் என்ற ஊசி மருந்து இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. இரத்தத்தில் பரவிய கடுமையான கிருமித் தொற்று, இதய வால்வில் தொற்று, பச்சிளங் குழந்தைகளின் தொற்று போன்ற உயிர்போகும் நேரங்களில் அது பெரிய உதவி. சிலருக்கு அது காதின் கேட்கும் பகுதியை விட்டுவிட்டுச் சமநிலைப் பகுதியை மட்டும் தாக்குகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், முதியவர்களுக்கும், பல நாள் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் ஆபத்து கூடுதல். ஊசி நின்று சில நாட்களோ வாரங்களோ கழித்தும் தொல்லை தலைகாட்டலாம். அப்போது நோயாளி, "படுத்துக் கிடந்த பலவீனம், சரியாகிவிடும்" என்று இருந்துவிடுகிறார்.

அப்படியானால் என்ன செய்வது? ஊசியை மறுக்க வேண்டாம். மூன்று செய்திகளை மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் சொல்லுங்கள். முன்பே காது கேளாமையோ தள்ளாட்டமோ இருந்தால் சொல்லுங்கள். தாய்வழி உறவில் யாருக்காவது இத்தகைய ஊசிக்குப் பின் காது கேட்காமல் போயிருந்தால், அதையும் சொல்லுங்கள்; அந்தக் குறைக்கான ஒரு மரபுக்கூறு தாய்வழியே வருவதுண்டு. ஊசி போட்டுக்கொண்டிருக்கும் நாட்களில் காதில் இரைச்சல், நடையில் தள்ளாட்டம், பார்வை துள்ளல் தோன்றினால் அன்றைக்கே சொல்லுங்கள். எந்த ஊசி, எத்தனை நாள் என்பதைக் கேட்டு ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து அல்லாத காரணங்களும் உண்டு. மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்குக் கேட்கும் திறனும் சமநிலையும் இரண்டு பக்கமும் போய்விடலாம். மெனியர் நோய் முதலில் ஒரு காதில் தொடங்கிப் பின் மற்றதற்கும் பரவுவதுண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் காதைத் தாக்குவது, இரு செவி நரம்புகளிலும் கட்டி வளர்வது, பரம்பரையாக நரம்பு தேய்வது, முதுமை என்று இன்னும் சில. எவ்வளவு தேடினாலும் காரணம் அகப்படாத நோயாளிகளும் பலர்.

நோயைக் கண்டுபிடிக்க என்ன வழி? முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். "தலைசுற்றுகிறது" என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். "படுத்தால் ஒன்றுமில்லை, நடந்தால் பார்வை குதிக்கிறது, இருட்டில் விழுகிறேன்" என்று விரித்துச் சொல்லுங்கள். இந்த மூன்று வாக்கியங்கள் மருத்துவருக்குப் பாதி வழியைக் காட்டிவிடும். மலாக்கா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் காது மூக்குத் தொண்டைப் பிரிவு இருக்கிறது. அங்கே மருத்துவர் உங்களைத் தம் மூக்கைப் பார்க்கச் சொல்லி, உங்கள் தலையைச் சட்டென்று சிறிது திருப்புவார். நல்ல காது உள்ளவரின் கண் மூக்கிலேயே நிற்கும். காது கெட்டவரின் கண் தலையோடு நகர்ந்து, பிறகு தாவித் திரும்பி வரும். காதுக்குள் வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் விட்டுக் கண்ணின் அசைவை அளக்கும் சோதனையும் உண்டு. அந்தச் சோதனையின் காரணத்தை விளக்கிய ராபர்ட் பாரானி என்ற மருத்துவருக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

இனி மறுவாழ்வு. செத்துப்போன மயிர் உயிரணுக்களை மறுபடி முளைக்க வைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. சமநிலைக்கான மின்கருவி ஒன்றை உட்செவியில் பொருத்தி 8 பேரிடம் ஆராய்ந்த முடிவுகள் 2021-இல் அமெரிக்காவில் வெளிவந்தன. அது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. ஆகவே இன்று நம் கையில் உள்ள மருந்து பயிற்சி ஒன்றே. 1940-களில் இங்கிலாந்தில் காதோர்ன் என்ற காது மருத்துவரும் குக்ஸி என்ற மறுவாழ்வு மருத்துவரும் இந்தப் பயிற்சிகளை முறைப்படுத்தினார்கள். மூன்றாம் ஆள் போய்விட்டாலும் மீதி இருவருக்கும் கூடுதலாக வேலை பழக்குவதே இதன் நோக்கம்.

இயன்மருத்துவர் உங்கள் நிலை பார்த்துச் சொல்லித் தருவார். அதன் சாரத்தை மட்டும் சொல்லுகிறேன். சுவரில் ஒரு தாளை ஒட்டி அதில் பெரிதாக ஓர் எழுத்தை எழுதுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, அந்த எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், தலையை இடமும் வலமுமாக மெல்லத் திருப்புங்கள். எழுத்து கலங்காத வேகத்தில் தொடங்கி, நாளடைவில் வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு நிமிடம். ஒரு நாளில் பல தடவை. பின்பு மேலும் கீழுமாக. அடுத்து, ஒரு கை அகலத்தில் இரண்டு எழுத்துகளை ஒட்டி, முதலில் கண்ணை மட்டும் ஓர் எழுத்திலிருந்து மற்றதற்குக் கொண்டுபோய், அதன் பிறகு தலையைத் திருப்பிப் பழகுங்கள். உட்கார்ந்து பழகியதை நின்று செய்யுங்கள்; நின்று பழகியதை நடந்து செய்யுங்கள்.

நிற்கும் பயிற்சிக்கு வீட்டு மூலை நல்ல இடம். முதுகுக்குப் பின்னே இரு பக்கமும் சுவர், முன்னே ஒரு நாற்காலி. கால்களைச் சேர்த்து நில்லுங்கள். பிறகு ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து நில்லுங்கள். வாரங்கள் போனபின், பகல் வெளிச்சத்தில் புல்தரையில் நடங்கள். முதல் நாட்களில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். தொடங்கும்போது தொல்லை சற்றுக் கூடியதுபோல் இருக்கும். அதற்காக விட்டுவிடக் கூடாது. பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தலைசுற்றல் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். அவை மூளையை மந்தப்படுத்தி, அது புதிதாகக் கற்பதைத் தடுக்கும். சுழலாத நோய்க்கு அவற்றால் பயனும் இல்லை.

மீதியுள்ள இரண்டு ஆட்களையும் பத்திரமாகக் காப்பாற்றுங்கள். கண்ணில் புரை இருந்தால் சிகிச்சை செய்துகொள்ளுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். பாதத்தின் உணர்ச்சி போனால் இரண்டாம் ஆளும் போனான் என்று பொருள். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு முழுதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி போடுங்கள். வழுக்கும் ஜப்பான் சிலிப்பரை விட்டு, காலைப் பிடிக்கும் தட்டையான காலணி போடுங்கள். ஒரு கைத்தடி மானக்குறைவு அன்று. தரையின் செய்தியைக் கைக்குச் சொல்லும் மற்றொரு கால் அது. ஏணி ஏறுவதும் இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் வேண்டாம்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீருக்குள் மூழ்கினால் இவர்களுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மேலே வருவதாக நினைத்துக்கொண்டு அடியை நோக்கிப் போய்விடலாம். ஆற்றிலோ குட்டையிலோ தஞ்சோங் பிடாரா கடற்கரையிலோ தனியே இறங்கவே கூடாது. பயிற்சியினாலும் தீராத ஆபத்து இது.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். மூளைக்காய்ச்சல் கண்டு பிழைத்த குழந்தை, அல்லது காது கேளாத குழந்தை, தலை நிற்பதற்கும் நடப்பதற்கும் காலம் தாழ்த்தினால், சோம்பல் என்று எண்ணாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளித் திடலில் அடிக்கடி விழும் பிள்ளையை, மாலை மங்கினால் தாயின் சேலையை விடாத பிள்ளையை, கேலி செய்யவோ அதட்டவோ வேண்டாம். குழந்தையின் மூளை விரைவாகக் கற்கக்கூடியது. காலத்தோடு பழக்கினால் வெகுதூரம் முன்னேறும்.

நேயர்களே, கையில் கட்டுப் போட்டவரைப் பார்த்தால் நாம் வழிவிடுகிறோம். காதுக்குள் நேர்ந்த காயத்துக்கு வெளியே கட்டு இல்லை. அதனால், நடந்துகொண்டே நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் நின்று பதில் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். தெருவில் உங்கள் முகத்தைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் போனால், தலைக்கனம் என்று கோபிக்காதீர்கள். இரவில் கோயில் திருவிழாவுக்கு வந்தால் அவர் தோளுக்கு உங்கள் கையைக் கொடுங்கள். போன செவிக்கு அந்தக் கை முழு ஈடு ஆகாது. ஆனால் வீட்டுக்குள் முடங்கியவரை வெளியே கொண்டுவர அது போதும்.